மே மாதத்துக்கு முன்பே ஊசியில் நூலைக் கோத்துவிடுங்கள்: ஹைட்டியச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மயாமி, நியூயார்க், பாஸ்டன், மாண்ட்ரியால் நகரங்களில் மே 18 கொடி நாளையும் ஹைட்டிய மரபு மாதத்தையும் நடத்தும் சங்கங்களின் விழாக் குழுவினர்.

வணக்கம்.

துணியும் தையலும் ஆரியும் தொழிலாகக் கொண்ட தமிழர்களான எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கொடி அச்சடித்த பனியன், தலைத்துணி, கைப்பட்டை என்று ஆண்டுதோறும் செலவழிக்கும் பணத்தில் பாதியை அடுத்த விழாவுக்குத் துணிக்கும் தையல் இயந்திரத்துக்கும் சொல்லிக்கொடுப்பவரின் சம்பளத்துக்கும் மாற்றுங்கள். உங்கள் பிள்ளைகள் கரபெலா என்னும் தங்கள் மரபு உடையைத் தாங்களே வெட்டித் தைத்து உடுத்திக்கொண்டு ஊர்வலத்தில் வரட்டும்.

கொடி நாளின் கதையே ஒரு தையல்காரியின் கதை. 1803 மே 18 அன்று அர்காயே ஊரில் விடுதலைப் போர்த் தளபதி ழான்-ழாக் தெசலீன் பிரெஞ்சுக் கொடியின் நடு வெள்ளையைக் கிழித்தெறிந்தார், மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கத்ரீன் ஃப்லோன் சேர்த்துத் தைத்தார் என்று நீங்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறீர்கள். அந்த நாளைக் கொண்டாட வருகிற ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஒரு முறையாவது இரண்டு துணியைச் சேர்த்துத் தைக்கும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். பனியன் ஜூன் மாதம் அலமாரிக்குள் போய்விடும். தைக்கக் கற்ற கை அந்தப் பெண்ணோடு இருக்கும்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. சான்-தொமேங் என்ற பெயரில் ஹைட்டி பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த 18ஆம் நூற்றாண்டில், அங்கே பெண்கள் தலையில் கட்டிய கட்டம்போட்ட கைக்குட்டைகளில் சென்னை, பழவேற்காடு கரையிலிருந்து கப்பலேறிப் போனவையும் இருந்தன. உங்கள் ஜமிக்கிக் கொடிகளில் இன்று நடக்கும் கொக்கி ஊசி வேலை எங்கள் ஊர்களில் ஆரி வேலை என்று தெருவுக்குத் தெரு நடக்கிறது. மாண்ட்ரியாலில் ஹைட்டியர் வாழும் சான்-மிஷெலும் தமிழர் வாழும் பார்க்-எக்ஸ்டென்ஷனும் ஒரே நிர்வாகப் பகுதிக்குள் இருக்கின்றன. நெசவும் ஆரியும் தெரிந்த தமிழர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் கதவைத் தட்டினால் நல்லது.

முதலில் கரபெலா. தோள் தெரிய விரிந்த கழுத்து, அதைச் சுற்றி அகலமான ஃப்ரில், அடுக்கடுக்காகச் சுருக்கி இறக்கிய நீளப் பாவாடை, ஓரத்தில் ஜிக்ஜாக் நாடாவோ லேஸோ, தலைக்கு அதே துணியிலோ கட்டத் துணியிலோ முஷ்வா என்னும் தலைத்துணி. நாட்டுப்புற நடனத்தில் பெண்கள் பாவாடையின் இரு ஓரத்தையும் பிடித்துத் தோள் வரை தூக்கி வீசுவதால், அதன் அழகு முழுவதும் அடிவட்டத்தின் சுற்றளவில்தான் இருக்கிறது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ‘ஹைட்டி உடை’களில் பலவற்றில் அடிவட்டம் மூன்று கஜம்கூட இருக்காது. துணியை மிச்சம் பிடித்திருப்பார்கள். அதை உடுத்திக்கொண்டு யான்வாலு என்னும் நடனம் ஆடினால் பாவாடை விரியாது, முழங்காலில் சுற்றும். பிள்ளை தனக்கு ஆட வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

ஆகவே கணக்கோடு வாங்குங்கள். 44 அங்குல அகலத் துணியில், இடுப்பிலிருந்து 36 அங்குல நீளத்தில், மூன்று அடுக்குப் பாவாடைக்கான வெட்டு இது. மேல் அடுக்கு முடிந்தபின் 10 அங்குலம். தையலுக்கும் இடுப்பு எலாஸ்டிக் மடிப்புக்கும் சேர்த்து 12 அங்குலமாக வெட்ட வேண்டும். அகலம் ஒன்றரைத் துணி, அதாவது 66 அங்குலம். நடு அடுக்கு முடிந்தபின் 12, வெட்டு 13, அகலம் இரண்டரைத் துணி, 110 அங்குலம். கீழ் அடுக்கு முடிந்தபின் 14, ஓர மடிப்போடு வெட்டு 16, அகலம் நான்கு துணி, 176 அங்குலம். மொத்தம் 127 அங்குல நீளம், மூன்றரைக் கஜத்துக்குச் சற்று மேல். சுருங்குவதற்கும் சேர்த்து மூன்றே முக்கால் கஜம். மேலுடைக்கு, ஃப்ரில்லும் சேர்த்து, இரண்டு கஜம். முஷ்வாவுக்கு ஒன்றேகால். ஆக, வயதுவந்த ஒருவருக்கு ஏழு கஜம். எட்டு வயதுப் பெண்ணுக்கு மூன்றரை போதும். மேல் அடுக்கிலும் நடு அடுக்கிலும் அரை அகலத் துண்டுகள் மிஞ்சும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள், அக்குளில் வைக்கும் சதுரத் துண்டு அதிலிருந்துதான் வரவேண்டும்.

அடுக்குகளின் விகிதத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு அடுக்கும் மேலே உள்ளதைப்போல ஏறத்தாழ 1.6 மடங்கு. இரண்டு மடங்குக்குப் போனால் தையல் தடித்து, இயந்திரத்தின் பல் துணியைத் தள்ளாது. ஒன்றேகாலுக்கு இறங்கினால் சுருக்கே தெரியாது.

துணியில்தான் பெரிய தவறு நடக்கிறது. கரபெலா என்றால் நீலம், நீலம் என்றால் ஜீன்ஸ் துணி என்று நினைத்து 10 அவுன்ஸ் டெனிம் வாங்கிவிடுகிறார்கள். பாவாடைக்கு மட்டும் நாலேகால் சதுர கஜத்துக்கு மேல் துணி போகிறது. 10 அவுன்ஸ் டெனிமில் அது ஒரு கிலோவைத் தாண்டும். ஒரு சிறுமி அந்தப் பாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மே மாத மயாமி வெயிலில் இரண்டு மணி நேரம் நடக்க முடியாது. நாலு முதல் நாலரை அவுன்ஸ் எடையுள்ள பருத்திச் சாம்ப்ரே வாங்குங்கள், அதே பாவாடை அரைக் கிலோவை ஒட்டி நிற்கும். பாவுநூல் நீலம், ஊடைநூல் வெள்ளை என்பதால் தூரத்திலிருந்து பார்க்கையில் அந்தப் பழைய நீலம் அப்படியே கிடைக்கும். ஊசி 12ஆம் நம்பர் போதும்.

வெட்டுவதற்கு முன் துணியை மட்டுமன்றி நாடாவையும் நனைத்துக் காயவையுங்கள். பருத்தி ஜிக்ஜாக் நாடா துணியைவிட அதிகம் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே ஓரம் முழுவதும் இழுத்துக்கொண்டு அலை அலையாக நிற்கும், அதைப் பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை. கீழ் ஓரத்துக்கு இரண்டு வரிசை நாடா வைத்தால் பத்துக் கஜம், ஃப்ரில்லுக்கு ஆறு கஜம், ஆக 16 கஜம். சிவப்பு நாடா சாயம் விடுகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பாட்டிமார் சொல்வதை இன்றைய ஆலைச் சாயங்களுக்கு நம்ப வேண்டாம். சாயம் விடுகிற நாடாவை வெள்ளை லேஸுக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பதே வழி.

சுருக்கு எடுப்பது பயிற்சியின் மையம், அதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதையும் கொடுங்கள். துணியின் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு வரிசை, அதற்குக் கால் அங்குலம் தள்ளி இன்னொரு வரிசை, இரண்டும் இயந்திரத்தின் மிக நீளத் தையலில். 176 அங்குலத்துக்கும் ஒரே நூலாக ஓட்டினால் இழுக்கும்போது பாதியில் அறும். ஒவ்வொரு துணி அகலத்துக்கும் தனியாக ஆரம்பித்துத் தனியாக முடியுங்கள். பிறகு மேல் அடுக்கின் அடியையும் கீழ் அடுக்கின் தலையையும் எட்டு எட்டுச் சம பாகமாகச் சாக்கில் குறித்து, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, அடியில் உள்ள பாபின் நூல்கள் இரண்டையும் பிடித்து இழுங்கள். இந்த எட்டுக் குறியைத் தவிர்த்தால் சுருக்கு முழுதும் ஒரு பக்கம் கூடி, இன்னொரு பக்கம் மொட்டையாக நிற்கும். தைக்கும்போது சுருக்குள்ள பக்கம் மேலே தெரிய வேண்டும். கீழே போனால் பல் அதை மடித்து விழுங்கிவிடும், விரல் பட்டுச் சரிசெய்ய இடம் இருக்காது.

கழுத்து விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கையைத் தூக்கினால் மேலுடை தோளிலிருந்து கழுத்துக்கு ஏறிவிடுகிறது என்ற குறை எல்லோருக்கும் வரும். எலாஸ்டிக்கை இறுக்கினால் அது இன்னும் மோசமாகும். அக்குளில் துணி போதாததுதான் உண்மைக் காரணம். நாலு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை இரு அக்குளிலும் வைத்துத் தையுங்கள். கைகளோடு சேர்த்துத் தோளைச் சுற்றி 42 அங்குலம் என்றால் எலாஸ்டிக் 35 அங்குலம் போதும்.

ஆண்பிள்ளைகளுக்கு என்ன என்று உடனே கேட்பீர்கள். நீல முரட்டுத் துணிச் சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி, பனையோலைத் தொப்பி, தோளில் மாகுட் என்னும் ஓலைப்பை என்று வயல்வெளி உழவனின் கோலம் இருக்கிறது. உழவின் தெய்வமான கூஸன் ஸாக்காவின் உடையும் அதுவே. தைப்பதற்கு எளிது. ஆனால் அணிவிக்கும் முன் யோசிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. துவாலியே சர்வாதிகார ஆட்சியின் தோன்தோன் மகூத் என்னும் அடக்குமுறைப் படையினர் உழவனின் இந்த நீல உடையையும் சிவப்புக் கழுத்துத் துணியையும் எடுத்துத் தங்கள் சீருடை ஆக்கிக்கொண்டார்கள். 1957 முதல் 1986 வரையான அந்த ஆட்சிக்குத் தப்பி மாண்ட்ரியாலுக்கும் புரூக்ளினுக்கும் வந்தவர்கள் இன்று உங்கள் முன்வரிசை நாற்காலிகளில் உட்காரும் தாத்தா பாட்டிகள். ஒரு வாலிபன் விவரம் தெரியாமல் அதே உடையில் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு வந்தால் அவர்களுக்கு என்ன நினைவு வரும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக அந்த உடையை விட்டுவிடச் சொல்லவில்லை. அது உழவனுடையது, கொலைகாரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக அதைத் தொடாமல் இருப்பது நியாயம் ஆகாது. கண்ணாடியை விலக்குங்கள். தொப்பியும் மாகுட்டும் கட்டாயம் இருக்கட்டும், அவை இருந்தால் உழவன் என்று தெரியும். பயிற்சியின் முதல் நாளிலேயே இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பெரியவர்கள் யாராவது பேச விரும்பினால் அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். கொடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1964 முதல் 1986 வரை துவாலியே கொடி கறுப்பும் சிவப்புமாக இருந்தது. பழைய கொடி என்று இணையத்தில் கிடைக்கும் படத்தை அப்படியே எடுத்து ஓரத்துக்குக் கறுப்பு-சிவப்பு நாடா வாங்கிவிடாதீர்கள். தெசலீன் காலத்துக் கொடியிலும் கறுப்பும் சிவப்பும் உண்டுதான். ஆனால் கூட்டத்தில் நிற்கும் முதியவர் ஆண்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடுங்கப் போவதில்லை.

அடுத்து முஷ்வா. இங்கேதான் எங்கள் கரைக்கும் உங்கள் தீவுக்கும் உறவு. மதராஸ் கைக்குட்டை என்பது 36 அங்குலச் சதுரம். நூலுக்கு முதலில் சாயம் ஏற்றிப் பிறகு நெய்வதால் முன்னும் பின்னும் ஒரே நிறமாக இருக்கும். நீங்கள் வாங்கும் கடையில் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சுத் துணி. ஐயம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நெய்த கட்டத்தில் அந்த நூல் முழுவதும் ஒரே நிறம், அச்சுத் துணியில் நூலே துண்டு துண்டாக நிறம் மாறும். அச்சுத் துணியைத் தலையில் கட்டி முறுக்கினால் வெளிறிய பின்பக்கம் வெளியே வந்து எட்டிப் பார்க்கும். இந்தக் கட்டுக்கு இரு பக்கத் துணி வேண்டும் என்பதன் காரணம் அவ்வளவுதான்.

கட்டத் துணியை ஹைட்டியின் தேசிய உடை என்று விளம்பரத் தாளில் போடாதீர்கள். மதராஸ் கட்டம் முழு உடையாகவே நிலைபெற்றது மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில். தலைக்கட்டில் எத்தனை முனை நிற்கிறது என்பதை வைத்துப் பெண்ணின் மனம் யாரிடம் என்று சொல்லும் கதைகளும் அந்தத் தீவுகளின் சொத்து. உங்களிடம் சொல்ல வேறொரு வலுவான வரலாறு இருக்கிறது. 1779இல் சான்-தொமேங்கில் சுதந்திரக் கறுப்பினத்தாரும் கலப்பினத்தாரும் வெள்ளையரைப் போல உடுத்தக் கூடாதென்று விதி போட்டார்கள். 1786இல் லூயிசியானாவில் ஆளுநர் மிரோ கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடவேண்டும் என்று ஆணையிட்டார். அந்தப் பெண்கள் தண்டனையாக வந்த துணியையே அழகான துணியாகத் தேர்ந்து, உயர்த்திக் கட்டி, நகை குத்திக்கொண்டார்கள். 1809இல் கியூபா வழியாக நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான சான்-தொமேங் மக்களில் தலையில் துணி கட்டிய பெண்கள் எத்தனையோ பேர். புலம்பெயர்ந்த ஹைட்டியப் பெண்ணின் கதையை முஷ்வாவிலிருந்து தொடங்க விரும்பினால் இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

கட்டும்போது வழுக்குகிறது என்பது இன்றைய பிள்ளைகளின் முக்கியமான புகார். பாலியெஸ்டர் சாட்டின்தான் காரணம். கஞ்சி போட்ட பருத்தித் துணியை மூலைவாட்டில் முக்கோணமாக மடித்து, அடித்தட்டை நெற்றியில் இரண்டு விரல் அகலம் மடக்கி, பிடரியில் குறுக்காக மாற்றி, முன்னே கொண்டுவந்து முடிச்சுப் போட்டால் பகல் முழுவதும் நிற்கும். பெரிய கொண்டையோ பின்னல் மொத்தமோ உள்ளவர்களுக்கு 36 அங்குலம் போதாது, 44 வேண்டும்.

ஜமிக்கி வேலைக்கு வருகிறோம். ஹைட்டியின் வோடூ சமயக் கோயில்களுக்காக ஜமிக்கி வைத்துத் தைக்கப்படும் ட்ராபோ என்னும் கொடிகள் உலக அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மிர்லாந்த் கொன்ஸ்தான் கல்யாண உடைத் தொழிற்சாலையில் கற்ற மணி வேலையைக் கொடிக்குக் கொண்டுவந்தவர். 2022 வெனிஸ் பியனாலேயில் அவர் படைப்புகள் இருந்தன, 2023இல் லாஸ் ஏஞ்சலஸின் ஃபௌலர் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. பழைய முறை வேறு. சாதாரண ஊசி கீழிருந்து மேலே வரும், ஒரு ஜமிக்கி, அதன் மேல் ஒரு சிறு மணி, பிறகு மணியை விட்டுவிட்டு ஜமிக்கியின் துளை வழியே ஊசி மீண்டும் கீழே போகும். மணி பூட்டாக நின்று ஜமிக்கியைப் பிடித்துக்கொள்ளும். கொன்ஸ்தானுடைய கொக்கி ஊசி முறையில் நூல் சங்கிலித் தையலாக ஓடுகிறது, எங்கள் ஆரியும் அதுவே. வேகம் அதிகம், ஆபத்தும் உண்டு. ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். நடனமாடும் பிள்ளையின் சட்டையில் கொக்கி முறையைப் பயன்படுத்தினால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை பின்பக்கம் முடிச்சுப் போட்டுப் பூட்டுங்கள்.

சட்டையின் முதுகு நிறைய ஜமிக்கி வைக்க ஆசைப்படுவார்கள். கணக்கைக் காட்டுங்கள். ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி 4 மில்லிமீட்டருக்கு ஒரு ஜமிக்கி வைத்தால் 12 அங்குலச் சதுரத்துக்கு ஏறத்தாழ 5,800 ஜமிக்கியும் அதே அளவு மணியும் வேண்டும். நிமிடத்துக்குப் பத்து தைக்கும் பழகிய கைக்கே பத்து மணி நேர வேலை அது. புதியவர் நிமிடத்துக்கு நாலைத் தாண்டமாட்டார். நாலு அங்குலச் சதுரம் என்றால் 650க்குள் முடியும், ஒரு பிற்பகலில் ஒரு பிள்ளை முடித்துக் கையில் பிடித்துப் பார்க்கலாம். அதைத் தனித் துண்டாகக் காடாத் துணி பின்வைத்துத் தைத்து, சட்டையில் பிறகு ஒட்டுத் தையலாக வையுங்கள். சட்டையைத் துவைக்கும்போது பிரித்தெடுக்க முடியும். ஜமிக்கியின் மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருண்டு போகும், ட்ரை கிளீனிங்கில் மினுமினுப்பு கரைந்துவிடும்.

சின்னங்களைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். வேவே என்னும் கோட்டுருவங்கள் தெய்வங்களை அழைக்க வரைவன. அவற்றைச் செருப்பிலோ உட்காரும் இடத்திலோ வைப்பது தவறு. எதை எங்கே வைக்கலாம் என்று மன்போ என்னும் வோடூப் பெண் பூசாரி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்கும் அன்றைய கூலியைக் கொடுங்கள். உங்கள் சங்கத்தில் வோடூவை ஏற்காத கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் குடும்பங்களும் இருப்பார்கள். 1941-42இல் கத்தோலிக்கத் திருச்சபை முன்னின்று வோடூப் பொருட்களைத் தீயிலிட்ட இயக்கத்தின் நிழல் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் பனைமரம், சங்கு, சேவல், குதிரை என்று வேறு எதையும் தைக்கலாம். 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்டெல்லா ழான் வடிவமைத்த ஹைட்டி உடையில் ஹைட்டியப் புரட்சித் தலைவர் தூசான் லூவர்த்யூரின் உருவம் விதிக்குப் பொருந்தாது என்று ஒலிம்பிக் குழு சொன்னதும், அவர் தலைவரை மறைத்துவிட்டுக் குதிரையை மட்டும் விட்டுவைத்தார். பார்த்த ஹைட்டியர் எல்லோருக்கும் அது யாருடைய குதிரை என்று தெரிந்தது. 2024 பாரிஸ் உடையில் ஓவியர் ஃபிலிப் தோதாரின் படைப்பைத் துணியில் கொண்டுவந்தவரும் அவரே. உங்கள் பிள்ளைகளுக்கு முன்மாதிரி தேவையென்றால் இவரைக் காட்டுங்கள், புரூக்ளினில் வளர்ந்த ஆடை வடிவமைப்பாளர் கெர்பி ழான்-ரேமண்டையும் காட்டுங்கள்.

இத்தனையும் செய்து ஹைட்டியிலுள்ள தையல்காரருக்கு ஒரு காசும் போகவில்லை என்றால் பாதி வேலைதான் நடந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகும் பழைய துணிகளுக்கு அங்கே பெபெ என்று பெயர். 1960களில் வந்த உதவித் துணிகளைக் கென்னடி என்றே அழைத்தார்கள். பெபெ மலிவானது, நல்ல தரமும் கிடைக்கும், ஏழைக்கு அது வேண்டியிருக்கிறது என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் புதுச் சட்டை தைத்துக் கொடுத்தவர் அதனால் பழைய கால்சட்டையின் இடுப்பைக் குறுக்கித் தருபவர் ஆகிவிட்டார். உங்கள் சங்கமும் ஆண்டுதோறும் துணி சேர்த்துப் பீப்பாயில் அனுப்புகிறதா? அந்தக் கப்பல் கூலிக்கு ஈடான பணத்தில் சில கரபெலாக்களை அங்கேயே தைக்கக் கொடுங்கள்.

கொடுக்கும்போது காலம் பார்க்க வேண்டும். அங்கே பள்ளிச் சீருடைகளைத் தைப்பது உள்ளூர்த் தையல்காரர்கள்தான். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கை ஓய்ந்திருக்கும், அப்போது கொடுத்தால் அவர்களுக்கும் நல்லது, வேலையும் நன்றாக வரும். அமெரிக்க அரசு 2024 நவம்பரில் தன் நாட்டு விமானங்கள் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குப் பறப்பதைத் தடுத்தது. தலைநகரிலும் அதன் பக்கத்து ஊரான குரோவா-தே-பூக்கேயிலும் ஆயுதக் கும்பல்களால் கைவினைஞர்கள் வீடும் பட்டறையும் விட்டு ஓடியிருக்கிறார்கள். ஆகையால் வடக்கே காப்-ஹைசியன் பக்கத்துத் தையல்காரர்களைத் தேடுங்கள், அங்கே இடம்பெயர்ந்து வந்தவர்களும் இருப்பார்கள். வழியில் ஆறு வாரம் தாமதம் ஆகலாம் என்று கணக்கில் வையுங்கள். கூலியில் பாதியை முன்பணமாகவும், துணிக்கான காசை முழுவதும் முன்பாகவும் அனுப்புங்கள். துணி கடனாக வாங்கிய தையல்காரர் வேறு வேலைக்கு அந்தத் துணியை விற்க நேர்ந்தால் குற்றம் அவருடையதல்ல.

அளவைத் தாளில் மட்டும் எழுதி அனுப்பினால் நிச்சயம் தவறு வரும், ஏனெனில் ஒருவர் அங்குலத்திலும் மற்றவர் சென்டிமீட்டரிலும் படிப்பார். எங்கள் ஊரில் தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுப்போம். அதுபோல, நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையை அளவுத்தாளோடு சேர்த்து அனுப்புங்கள்.

கடைசியாக, பெட்டிகளுக்குள் இருக்கும் பழைய கரபெலாக்கள். அவற்றை மேடையில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அதற்கு முன் அளந்து எழுதுங்கள். உடையைப் பிரிக்க வேண்டியதில்லை. சுருக்குத் தையலின் மேல் நாலு அங்குலத்தைக் குறித்து, இரு குறியிலிருந்தும் நூலோட்டத்தைப் பிடித்து நேராக அடுக்கின் கீழ் ஓரம் வரை இறங்கி, அங்கே இடைவெளியை அளந்தால் எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். நாலு அங்குலம் கீழே ஆறரை ஆனால் 1.6 மடங்கு. உட்பக்கத் தையலை அளவு நாடாவை வைத்துப் படம் எடுங்கள். தைத்தவரின் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று வீட்டாரிடம் கேட்டு எழுதி, ஹைட்டியரின் மொழியான கிரயோலில் ஒரு பிரதியும் வைத்திருங்கள். ழெரெமியில் தைத்த பாவாடைக்கும் ழக்மெலில் தைத்ததற்கும் வேறுபாடு உண்டா என்பதை இப்படிப்பட்ட ஐம்பது அளவுத்தாள்கள் சேர்ந்தால்தான் யாராலும் சொல்ல முடியும். பாட்டிகள் இருக்கும்போதே இது நடந்தாக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நாங்கள் கெஞ்சியே கேட்கிறோம்.

நடைமுறைக்கு வருவோம். பன்னிரண்டு பேர், ஆறு இயந்திரம், ஒரு இஸ்திரிப் பலகை, மூன்று மணி நேரமாகப் பத்துச் சனிக்கிழமைகள். பன்னிரண்டு பேருக்கும் வயதுவந்தோர் அளவு என்றால் 84 கஜம் துணி. ஒரே சாயத்தொகுதியில் வர வேண்டுமானால் மொத்தமாக அக்டோபரிலேயே சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுக்குக்கு அடுக்கு நீலம் வேறுபடும். வகுப்பு பிப்ரவரி முதல் வாரத்தில் தொடங்கினால் ஏப்ரல் நடுவில் முடியும். முதல் இரண்டு சனிக்கிழமை நேர்க்கோட்டுத் தையலும் முஷ்வா ஓரம் மடித்தலும், அடுத்த நாலில் பாவாடை, பிறகு மேலுடைக்கு இரண்டு, ஜமிக்கிக்கு ஒன்று, கடைசி நாள் எல்லா உடையையும் ஒரு முறை துவைத்துக் காயவைத்து உடுத்தி ஆடிப் பார்ப்பதற்கு. இந்தக் கடைசி நாளைத் தவிர்த்துவிட்டால் இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்திருப்பதை ஊர்வலத்தில்தான் கண்டுபிடிப்பீர்கள்.

சொல்லிக்கொடுக்க உங்கள் சங்கத்திலேயே ஆள் இருப்பார்கள். ஹைட்டியில் தையல் கற்று, இங்கே வந்து முதியோர் இல்லத்திலும் ஓட்டலிலும் வேலை பார்க்கும் பெண்கள் அவர்கள். அவர்களைத் தன்னார்வலர் என்று அழைத்து இலவசமாக வேலை வாங்காதீர்கள். மேடைக்கு வரும் பாடகருக்குக் கொடுப்பதுபோல இவர்களுக்கும் எழுதிக் கையெழுத்திட்டுச் சம்பளம் கொடுங்கள்.

வெட்டுக் கணக்கைப் பிள்ளைகளின் அளவுகளுக்கு மாற்றித் தருவதும், நெய்த கைக்குட்டைகளை நெசவாளரிடமிருந்து நேரடியாக எடுத்துத் தருவதும், ஆரி சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்புவதும் எங்களால் முடியும். கிரயோலில் அளவுத்தாள் தயாரிப்பது உங்கள் பக்கத்து வேலை. அக்டோபரில் துணிக்குச் சொல்லிவைக்கும் முன் உங்கள் பதில் வந்தால் போதும்.

அன்புடன்,
துணியும் தையலும் ஆரியும் தொழிலாகக் கொண்டவர்கள்